ஆயில் குடிக்கிற பழைய செடான் வாங்கலாமா? நாளைக்குள்ள சொல்லணும் (ஸ்கார்பரோ)

கோவைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கனடாவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஏஜாக்ஸ்ல ஒரு வேர்ஹவுஸ்ல வேலை கெடச்சிருக்கு, திங்கக்கெழமைல இருந்து நைட் ஷிஃப்ட், கார் இல்லாம கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு செடான் பாத்து வெச்சிருக்கேன், 4,800 டாலர் சொல்றார், பேசினா 4,500க்கு வந்துருவார் போல. பிரச்சனையையும் அவரே சொல்லிட்டார், கொஞ்சம் ஆயில் குடிக்குமாம், சிக்னல்ல நின்னு கெளம்பறப்ப லேசா ஒரு உதறல் இருக்குமாம், மத்தபடி ஹீட்டர் எல்லாம் சூப்பரா வேலை செய்யுது. சேஃப்டி சர்டிஃபிகேட் போட்டே தர்றேங்கறார். வேற ஆளு கேக்கறாங்களாம், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள 500 அட்வான்ஸ் அனுப்பச் சொல்றார். கைக்கொழந்தை வேற இருக்கு, தூக்கமே வரல. வாங்கலாமா வேண்டாமா, யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

மார்க்கம் அக்கா:
தம்பி, கார் இருக்கட்டும், பாப்பாவுக்கு கார் சீட் வாங்கியாச்சா? தெரிஞ்சவங்க குடுத்தாங்கன்னு பழசு வாங்கிடாதீங்க, சீட்டுக்கும் காலாவதி தேதி உண்டு. மேப்பிள் இலை போட்ட கனடா ஸ்டிக்கர் இருக்கணும், அமெரிக்காவுல வாங்கினது இங்க செல்லாது. 9 கிலோ வர்ற வரைக்கும் பின்பக்கம் பாத்த மாதிரிதான் உக்கார வெக்கணும். நாங்க வந்த முதல் குளிர்காலத்துல எம்பொண்ணை ஸ்ட்ரோலர்ல வெச்சுக்கிட்டு ஃபின்ச் பஸ்ஸுக்கு நிப்பேன், மூணு பஸ் நெரிசலா போயிடும், அவ மூக்கு செவந்து அழுவா, பக்கத்துல ஒருத்தரும் தெரிஞ்சவங்க இல்ல. இப்ப நெனச்சாலும் மனசு கனக்குது. கொழந்தை இருக்கிற வீட்டுக்கு கார் வேணும்பா, வாங்கிடுங்க.

யாழ் அண்ணா:
தம்பி, நான் தொண்ணூறுகளிலை வந்தனான். ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவிப்போட்டு சாமத்திலை நடந்துதான் வீட்டை போறது, சப்பாத்துக்குள்ளை பனி போய் கால் விறைச்சிடும். முதல் வாங்கின காரும் எண்ணெய் குடிச்சதுதான், டிக்கிக்குள்ளை எப்பவும் ரெண்டு கான் எண்ணெய் கிடக்கும், கிழமைக்கு ஒருக்கா டிப் ஸ்ரிக் பாத்து ஊத்துவன். கனகாலம் ஓடினது. எண்ணெய்க்குப் பயந்தா பழைய கார் வாங்கேலாது. விலையைக் குறைச்சு எடுங்கோ.

ஏஜாக்ஸ் நைட் ஷிஃப்ட்:
அண்ணே, ஆயில் குடிக்கறத சமாளிக்கலாம், அந்த உதறல்தான் எனக்கு பயமா இருக்கு. தம்பி, என்ன கார், எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், கியர்பாக்ஸ் சிவிடியா (பெல்ட்ல ஓடற ஆட்டோமேட்டிக்) சாதா ஆட்டோமேட்டிக்கா, ஒண்ணுமே சொல்லலியே. அதைவிட முக்கியம், லைசன்ஸ் என்ன வெச்சிருக்கீங்க? ஜி1னா, அதாவது ஓட்டக் கத்துக்கறவங்க லைசன்ஸ்னா, ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் ஓட்டவே கூடாது, 401 ஹைவேலயும் ஏறக் கூடாது, பக்கத்துல அனுபவம் உள்ள ஆளு ஒருத்தர் வேற உக்காரணும். அதை வெச்சுக்கிட்டு எப்படி நைட் ஷிஃப்ட் போவீங்க?

கோவைக்காரன்:
ஊர் லைசன்ஸ்தானுங்க இருக்கு. 60 நாளைக்கு ஓட்டலாம்னு சொன்னாங்க.

பிராம்ப்டன் ராசா:
60 நாள் சரிதான், ஆனா இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும்னு கேட்டீங்களா? இங்க வந்து அதைக் கேட்டப்ப எனக்கு தலையே சுத்திருச்சு. ஊர்ல இருபது வருஷம் ஓட்டினவனையும் நேத்து பொறந்தவன் மாதிரி வெக்கறாங்க, வீட்டு வாடகை ஒரு பக்கம், இது ஒரு பக்கம், சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ள காலி.

மார்க்கம் அக்கா:
அதை ஏன் கேக்கறீங்க. எங்க வீட்டுக்காரர் ஊர்ல இன்ஜினியர், இங்க வந்ததும் கனடா அனுபவம் இருக்கா கனடா அனுபவம் இருக்கான்னு கேட்டே ஆளை உடைச்சுட்டாங்க. வாடகைக்கு வீடு கேட்டா கிரெடிட் ஹிஸ்டரி, வந்த மறுவாரமே அது எங்கிருந்து வரும்?

யாழ் அண்ணா:
உண்மைதான் பிள்ளை. அப்பவும் உதுதான், இப்பவும் உதுதான். இந்தக் குளிரிலை மனிசர் எவ்வளவுதான் தாங்கிறது.

டயர் கடைக்காரன்:
பேச்சு எங்கயோ போகுது, தம்பிக்கு நாளைக்கு சாயங்காலம்தான் கெடு. நான் இங்க லைசன்ஸ் வாங்கின மெக்கானிக், பழைய கார்லயே காலம் போகுது, அதனால நேரா சொல்றேன்.

சேஃப்டி சர்டிஃபிகேட்டை நம்பி காசு குடுக்காதீங்க. அதுல பாக்கறது பிரேக், ஸ்டீரிங், சஸ்பென்ஷன், டயர், லைட், துருப்பிடிச்ச ஓட்டை இந்த மாதிரிதான். இன்ஜினும் கியர்பாக்ஸும் நல்லா இருக்குனு அதுக்கு அர்த்தமே கிடையாது, நீங்க சொன்ன ரெண்டு பிரச்சனையும் அங்கதான் இருக்கு. அந்தப் பேப்பருக்கு ஆயுளும் 36 நாள்தான், அதுக்குள்ள உங்க பேருக்கு மாத்தி பிளேட் வாங்கணும்.

ஆயிலைப் பத்தி அண்ணா சொன்னது பாதி சரி. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊத்தறார்னு கேளுங்க. ராத்திரி பூரா நின்ன கார் காலைல ஸ்டார்ட் ஆகறதை நீங்க நேர்ல பாக்கணும், நீங்க போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருந்தா அதுவே சந்தேகம். பானட்டைத் தொட்டுப் பாருங்க. சைலன்சர்ல நீலப் புகை வந்தா உள்ள ஆயில் எரியுது. உதறல் விஷயம் வேற. சிவிடியா இருந்தா சும்மா ஃப்ளூயிட் மாத்தினா போதும்னு சொல்லுவாங்க, சில சமயம் சரியாகும், பல சமயம் ஆகாது, பாக்ஸே மாத்தணும்னு வந்துட்டா நீங்க குடுத்த 4,500ஐத் தாண்டியும் போகலாம். அவர் சொல்ற கேரேஜுக்குப் போகாதீங்க, நீங்க பாத்த கேரேஜ்ல லிஃப்ட்ல ஏத்தி அடில பாக்கச் சொல்லுங்க, இங்க ரோட்ல போடற உப்பு பிரேக் பைப்பைத்தான் முதல்ல தின்னும். ஸ்கேனர் போடறப்ப ஃபால்ட் கோடு இல்லைன்னதும் சந்தோஷப்படாதீங்க, ரெடினஸ் மானிட்டர் (கார் தன்னைத்தானே சோதிச்சுக்கற டெஸ்ட்) எல்லாம் முடிஞ்சிருக்கான்னு கேளுங்க. முடியலைன்னா யாரோ இப்பத்தான் செக் இன்ஜின் லைட்டை அழிச்சிருக்கலாம்.

பேப்பர்ல, ஓனர்ஷிப்புல இருக்கிற பேரும் அவரோட லைசன்ஸ் பேரும் ஒண்ணான்னு பாருங்க. யுவிஐபின்னு பழைய வண்டியோட விவரம் இருக்கிற ஒரு பேப்பர் கட்டு, சர்வீஸ் ஒன்டாரியோவுல 20 டாலர், அதை விக்கறவர்தான் வாங்கித் தரணும், வண்டி மேல கடன் இருந்தா அதுல தெரியும். தனி ஆள்கிட்ட வாங்கினா ஓம்விக் (கார் டீலர்களைக் கண்காணிக்கிற அமைப்பு) பாதுகாப்பு கிடையாது, அது பதிஞ்ச டீலர்கிட்ட வாங்கினாத்தான். 13 சதவீத வரி தனி, 4,500க்கே 585 டாலர். ரெட் புக்னு பழைய கார் விலைப் பட்டியல் இருக்கு, அதுல இருக்கிற ஹோல்சேல் விலை நீங்க குடுத்ததைவிட அதிகமா இருந்தா வரி அந்த விலைக்குத்தான், அதனால பில்லுல கொறச்சு எழுதலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க.

கோவைக்காரன்:
ரொம்ப நன்றிங்ணா. இப்பத்தான் ஃபோன் பண்ணிக் கேட்டேன். 2014 மாடல், 2,16,000 கிலோமீட்டர், சிவிடிதானாம். வேற கேரேஜுக்கு எடுத்துட்டுப் போறேன்னதும் அதெல்லாம் நேரமில்ல, வேணும்னா எடுங்க இல்லன்னா விடுங்கங்கறார்.

டயர் கடைக்காரன்:
விட்டுடுங்க. 500 அனுப்பாதீங்க. அடுத்து எதைப் பாத்தாலும் வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) வாங்கி முதல்ல இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும்னு கேளுங்க, அதுக்கப்புறம் போய்ப் பாருங்க.

ஏஜாக்ஸ் நைட் ஷிஃப்ட்:
தம்பி, ஊர் ஆர்டிஓ இல்லைன்னா கான்சுலேட்ல அனுபவக் கடிதத்துக்கு உடனே எழுதிப் போடுங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டினதுக்கு ஆதாரம் இருந்தா ஜி1 எழுத்துப் பரீட்சை முடிச்சிட்டு காத்திருக்காம நேரா முழு லைசன்ஸுக்கான ஜி ரோடு டெஸ்ட் போலாம், இன்ஷூரன்ஸ்காரங்ககிட்டயும் காட்டிப் பாக்கலாம். அதுவரைக்கும் பல்ஸ் 900 பஸ் இருக்கு, ஸ்கார்பரோ யூனிவர்சிட்டி கேம்பஸ் யூடிஎஸ்சில இருந்து ஹைவே 2 வழியா ஏஜாக்ஸ் போகும், டொரான்டோ பஸ் டிடிசில இருந்து மாறினா ரெண்டாவது டிக்கெட் எடுக்க வேண்டாம். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, வேர்ஹவுஸ் எந்த ரோட்ல? எங்க செட்டுல மூணு பேர் மார்னிங்சைடுல இருந்து ஒரே கார்ல போறோம், பின் சீட்ல ஒரு இடம் காலிதான்.

கோவைக்காரன்:
ராத்திரி 11 மணிக்குங்ணா, சேலம் ரோட்டுக்குப் பக்கம். நான் மார்க்கம் ரோடு எக்லின்டன்ல இருக்கேன். பெட்ரோல் காசு எவ்வளவு ஆனாலும் குடுத்தர்றேன், உங்களுக்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன்.