மேசைக்கணினிக்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்: எதை வாங்கலாம்?

மல்லாவி ஸ்டூடியோ:
வணக்கம். கல்யாணவீடு, சாமத்தியவீடு வீடியோக்களோடு, பழைய படங்களைத் திருத்திப் பெரிதாக்கிக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். 2009 இடப்பெயர்வில் அல்பங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்கள், அடையாள அட்டையில் எஞ்சியிருக்கும் ஒரு படத்தோடு வருவார்கள். அந்தக் கோப்புகளை நான் அழிப்பதே இல்லை.

கணினியில் இருப்பது 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். இப்போது கோப்புறை திறக்கவே நேரம் எடுக்கிறது. இடையிடையே 'டக், டக்' என்று சத்தம். டிஸ்க்கின் நலம் பார்க்கும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் மஞ்சள் காட்டுகிறது. சி5 வரியின் கடைசியில் 18 என்று இருக்கிறது. வவுனியாக் கடையில் இரண்டு காட்டினார்கள்: புதிய சீகேட் பாரகூடா 4 டெராபைட், அதைவிட மலிவாக, பாவித்த டபிள்யூடி பர்ப்பிள் 4 டெராபைட். எது நல்லது?

கிளிநொச்சித் தம்பி:
அக்கா, வாங்குவது நாளைக்கு. இன்று அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். சி5 என்பது வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு துண்டுகள். அந்த 18, பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்டு எழுதிய எண், அதாவது 24 செக்டர். விண்டோசில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க், கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டீஃபிராக் எதையும் ஓட்டவேண்டாம். பலவீனமான டிஸ்க்கை அவை மேலும் அலைக்கழிக்கும். திருத்திய படங்களை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். கல்யாண வீடியோக்கள் பிறகு.

வவுனியா, கணினி திருத்துநர்:
தம்பி சொன்னதைச் செய்துவிட்டு வாங்க யோசியுங்கள், தங்கச்சி. 4 டெராபைட் பாரகூடா எஸ்எம்ஆர் வகை. தடங்களை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எழுதுவதால், ஒரு பகுதியை மாற்ற அடுத்துள்ள தடங்களையும் திரும்ப எழுதவேண்டும். எழுதிவைத்துவிட்டு எப்போதாவது எடுப்பதற்குப் போதும். நாள் முழுக்க வீடியோ வெட்டி அழித்து எழுதும் கணினியில் இழுபடும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை கேளுங்கள். சீகேட் அயன்வுல்ஃப் அப்படிப்பட்டது. பெட்டியில் இந்த வகை எழுதியிருக்கும் என்று நம்பவேண்டாம், மாடல் எண்ணை உற்பத்தியாளரின் விவரத்தாளில் பாருங்கள்.

பர்ப்பிளும் சிஎம்ஆர்தான், ஆனால் பாவித்தது. பர்ப்பிள் கண்காணிப்புக் கமராக்களுக்கென்று செய்யப்படுவது. அங்கே இரவு பகலாக ஓடிய டிஸ்க் ஆண்டுக்கு 8,760 மணித்தியாலம் சேர்க்கும். கடையிலேயே இணைத்து 'பவர் ஆன் ஹவர்ஸ்' வரியைக் காட்டச் சொல்லுங்கள். 35,000 என்றால் நான்கு வருட உழைப்பு. உங்கள் படங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கணினிக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வாங்குங்கள். விண்டோசுக்கு, சுழலும் தட்டு இல்லாத சிறிய எஸ்எஸ்டி ஒன்று போட்டால் வேகக் குறையும் தீரும். உள்ளே இரண்டு டிஸ்க் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் ஒரு பவர் சப்ளை போனால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். பிரதி எடுத்ததும் வெளியே உள்ளதைக் கழற்றி, வேறொரு வீட்டில் வையுங்கள்.

மல்லாவி ஸ்டூடியோ:
நன்றி அண்ணா, நன்றி தம்பி. படங்கள் எல்லாம் மாறிவிட்டன. இரண்டு கல்யாண வீடியோக்கள் பாதியில் நிற்கின்றன. அயன்வுல்ஃப் வாங்கிப் பூட்டினேன். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் தெரிகிறது, 'திஸ் பிசி'யில் இல்லை.

கிளிநொச்சித் தம்பி:
புதிய டிஸ்க் அப்படித்தான், அக்கா. விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்டில் இனிஷியலைஸ் செய்யும்போது, டிஸ்க்கைப் பிரிக்கும் முறையாக ஜிபிடியைத் தெரிவுசெய்யுங்கள். பழைய முறையான எம்பிஆர் கொடுத்தால் 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படாது. பிறகு 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, விண்டோஸ் 1,024ஆல் வகுத்துக் காட்டுகிறது.

அந்த இரண்டு வீடியோக்களுக்காகப் பழைய டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப இயக்கவேண்டாம். லினக்ஸில் டிடி ரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது: வாசிக்கக்கூடியதை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடத்துக்குக் கடைசியில்தான் போகும். அதற்கு 1 டெராபைட்டுக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும், அது இப்போது உங்களிடம் உண்டு. சத்தம் கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள்.