பேச்சு வரட்டும் என்று காத்திருக்கும் மாதங்கள்

பேச்சுப் பயிற்சியாளர்:
“ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும், மூணு வயசு வரைக்கும் பாருங்க” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 12 மாதத்தில் மழலையோ கையசைப்போ சுட்டிக்காட்டலோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொற்கள் இல்லை, அல்லது வந்த சொல் மறைந்துபோகிறது என்றால், இதில் ஒன்று இருந்தாலே மதிப்பீட்டுக்குப் போய்விடுங்கள்.

முதலில் செவித்திறன் பரிசோதனை. “டிவி பாட்டுக்கு ஓடி வர்றானே, காது நல்லாத்தான் இருக்கு” என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான தவறு. சில அதிர்வெண்கள் மட்டும் கேட்காத குழந்தையும் அப்படி ஓடி வரும். ஒலிக்கு உட்காது தரும் எதிரொலியைப் பதிவு செய்யும் ஓஏஇ, ஒலிக்கு மூளை நரம்புகள் காட்டும் பதிலைப் பதிவு செய்யும் பெரா ஆகிய பரிசோதனைகளுக்குக் குழந்தை பதில் சொல்லத் தேவையில்லை. ஆட்டிச அறிகுறிகள் பற்றிப் பெற்றோரிடம் கேட்கும், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் வினாத்தாள் முதற்கட்டச் சல்லடை மட்டுமே, அதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் ரிப்போர்ட் கைக்கு வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சுத் தாமதம் ஒன்றே தொடங்கப் போதும்.

ஆட்டிசம் தெரபிஸ்ட்:
தொடங்கிய அன்றே “அம்மா சொல்லு, அப்பா சொல்லு” என்று நச்சரிப்பதில் பயனில்லை. ஒரு பொருளையும் நம் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பது சொல்லுக்கு முன்னால் வர வேண்டும். சோப்புக் குமிழி டப்பா போதும். குழந்தையின் கண் மட்டத்தில் உட்கார்ந்து இரண்டு முறை ஊதுங்கள். மூடியை இறுக்கி மூடி, டப்பாவைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வாயைத் திறக்கக் கூடாது. பெரும்பாலோர் மூன்று எண்ணுவதற்குள் “வேணுமா? என்ன வேணும்? சொல்லு” என்று கொட்டிவிடுகிறோம், குழந்தை முயல்வதற்கு இடமே கிடைப்பதில்லை. டப்பாவை உங்கள் கையில் திணித்தாலும், ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்த்தாலும், “ஊ” என்றாலும் குழந்தை கேட்டுவிட்டது என்று பொருள். “ஊது” என்று ஒரே சொல் சொல்லி உடனே ஊதுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பிடித்துவைத்தால் அழுகைதான் மிஞ்சும், அப்புறம் அந்த டப்பா பக்கமே வராது. “ஊது” தானாக வரத் தொடங்கியதும் நீங்கள் “குமிழி ஊது” என்று ஒரு சொல் கூட்டுங்கள்.

தமிழ் வீடுகளில் இன்னொன்று. “தண்ணி வேணுமா?” என்று கேட்டே கொடுத்துப் பழக்கினால், தாகம் எடுக்கும்போது குழந்தையும் “தண்ணி வேணுமா?” என்று வந்து நிற்கும். அதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று அதட்டி அடக்காதீர்கள், குழந்தை முறையாகக் கேட்கிறது. டம்ளரை எடுக்கும்போதே அதன் வாயிலிருந்து வர வேண்டியதை, “தண்ணி வேணும்” என்று, நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

சிறப்புக் கல்வியாளர்:
குழந்தை ஒரு பொருளின் படத்தைக் கொடுத்து அந்தப் பொருளைக் கேட்கும் முறையான பெக்ஸ் 1985-இல் அமெரிக்காவில் உருவானது. முதல் கட்டத்துக்குக் கட்டாயம் இரண்டு பெரியவர்கள் வேண்டும். பொருளோடு எதிரில் ஒருவர், படத்தை எடுத்து நீட்டக் கைபிடித்து உதவப் பின்னால் ஒருவர். பின்னால் இருப்பவர் பேசவே கூடாது. ஒரே ஆள் இரண்டையும் செய்துகொண்டு “என்ன வேணும்?” என்றும் கேட்டால், நாம் கேட்டபின்தான் படத்தைத் தர வேண்டும் என்று குழந்தை பழகிவிடும். படம் பழகினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். ஆய்வுகளில் பேச்சு குறையவில்லை, பலரிடம் சற்றுக் கூடியிருக்கிறது.

பேச்சுப் பயிற்சியாளர்:
“அஞ்சு வயசு தாண்டிடுச்சே, இனிமேலா?” என்று உடைந்துபோகும் பெற்றோருக்கு இது. நான்கு வயதில் கடுமையான மொழித் தாமதம் இருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், நான்கு வயதிலோ அதற்குப் பிறகோ 70 சதவீதம் பேர் சொற்றொடராகவும், 47 சதவீதம் பேர் சரளமாகவும் பேசினார்கள். ஆகவே பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வயதுக்கான குமிழியையே நீட்ட வேண்டாம். அவன் நாள் முழுக்கச் சுற்றும் விஷயம் ரயிலோ லிஃப்ட்டோ எதுவானாலும், அதிலிருந்தே சொற்களை எடுங்கள்.