விபத்து நஷ்டஈட்டு கேஸ் சாட்சி நாள், வாய்தா: உங்கள் அனுபவம் என்ன?

தண்டையார்பேட்டை மகன்:
எண்ணூர் விரைவுச் சாலை, கண்டெய்னர் லாரி, அப்பாவுக்கு வலது கால் முறிவு. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். எனக்கு மனசை விட்டுப் போகாதது அவர் சாட்சி சொல்ல வேண்டிய நாள். 10.30க்கு வரச் சொன்னார்கள், 9.30க்கே போய்விட்டோம். காலையில் பெயர் கூப்பிட்டபோது ஜூனியர் வக்கீல் எழுந்து "மனுதாரர் ஆஜர்" என்றார், சரி, அப்புறம் கூப்பிடுவோம் என்று கேஸ் கட்டைத் தனியாக வைத்தார்கள். 12.30 வரை பெஞ்சில் இடம் இல்லாமல் அப்பா நின்றபடியே இருந்தார். கழிப்பறைக்குப் போய்விட்டு ஊன்றுகோலோடு அந்தப் படிகளில் ஏறி வருவதற்குள் டவாலி மூன்று முறை கூப்பிட்டு முடித்துவிட்டார், ஜூனியரும் வேறு ஹாலுக்குப் போயிருந்தார். நான் உள்ளேதான் நின்றேன், ஆனால் வாயைத் திறக்கலாமா கூடாதா என்றே தெரியவில்லை. ஆறு வாரம் தள்ளிப்போனது. அப்பா கதவருகே வந்து நின்று "கூப்பிட்டாங்களாப்பா?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

காசிமேடு பெரியவன்:
தம்பி, ஜூனியரைக் குறை சொல்லாதே, ஒரே காலையில் நாலு ஹாலில் கேஸ் இருந்தால் அவரும் என்னதான் செய்வார்? எனக்கு கோர்ட்டை விட மெடிக்கல் போர்டுதான் இழுத்தது. ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதிவர அனுப்பினார்கள், போர்டு உட்காரும் நாளும் வாய்தா நாளும் ஒன்றாக விழுந்தது. டாக்டர் "கையைத் தூக்குங்க" என்றார். இருபது வருஷம் ஐஸ் பெட்டி தூக்கிய கை, தோளுக்கு மேல் போகவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். அந்த அறிக்கை கோர்ட்டுக்கு வராமலே மூன்று வாய்தா போனது. விடிவதற்கு முன்னால் மீன் படகு வந்துவிடும், ஏலத்தில் நின்றால்தான் எனக்கு அன்றைக்குக் காசு, கோர்ட் நாளில் அது கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் சும்மாதான் இருக்கிறோம், அப்போது தேதி வாங்கித் தாங்க ஐயா என்று வக்கீலிடம் கேட்டேன். மே மாதம் கோர்ட்டுக்கே விடுமுறை என்றார்.

பழைய குமாஸ்தா:
என் மைத்துனர் கேஸ் ஒன்று மனுதாரர் வராததால் தள்ளுபடியாகி, மறுபடியும் கோப்புக்கு எடுக்க மனு போட்டு ஒரு வருஷம் போனது, அதனால்தான் எழுதுகிறேன். பெயர் கூப்பிடும்போது வக்கீல் இல்லையென்றால் நீங்களே கை தூக்கி "ஐயா, வக்கீல் பக்கத்து ஹாலில் இருக்கிறார், கொஞ்சம் பாஸ் ஓவர் வேண்டும்" என்று, அதாவது இப்போது விட்டுவிட்டு அன்றைக்கே பிறகு கூப்பிடச் சொல்லி, கேட்கலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். கேஸ் எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பதில் மனு போடும் படியில் நீங்கள் போகவே வேண்டாம், வக்கீல் போதும். உங்கள் சாட்சி நாளுக்குக் கட்டாயம் போக வேண்டும். உங்கள் வாக்குமூலத்தை அஃபிடவிட்டாக முன்பே கொடுத்துவிடுவார்கள், கூண்டில் ஏறிய பிறகு ஆவணங்களுக்கு நம்பர் போடுவார்கள், அதன் பிறகு குறுக்கு விசாரணை. அசல் டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், ஒரு அசல் வீட்டில் இருந்தால் அதற்கே ஒரு வாய்தா. இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். நம்பரை (ஒவ்வொரு கேஸுக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணும் சேர்ந்து 16 இடம் வரும் நம்பர்) போட்டால் அடுத்த தேதியும் எதற்காக என்பதும் தெரியும், முந்தின ராத்திரி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாதான் என்று இருக்கிறது, எதிர்த்தரப்பு இழுத்தால் வக்கீலை அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி அக்கா:
குமாஸ்தா அண்ணா, அந்த மூன்று வாய்தா கணக்கை மட்டும் நம்பச் சொல்லாதீங்க. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2005ல் சொல்லிவிட்டது, எங்கள் வக்கீல் காட்டினார். எங்கள் அம்மா கேஸில் இரண்டு பக்க வாதமும் முடிந்து தீர்ப்புக்குத் தேதி வைத்திருந்தார்கள். அன்றைக்குப் போனால் நாற்காலியில் வேறு நீதிபதி, பழையவருக்கு மாற்றல். வாதம் முதலிலிருந்து. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அம்மா "அந்த ஐயா நான் சொன்னதையெல்லாம் கேட்டாரேம்மா" என்று மட்டும் சொன்னார். இதற்கு எந்தச் செயலியைப் பார்ப்பது?

பழைய குமாஸ்தா:
மாற்றலுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாதம்மா, உண்மைதான். ஆனால் அம்மா கூண்டில் சொன்னது அத்தனையும் எழுத்தில் இருக்கிறது, புது நீதிபதி அதைப் படித்துத்தான் தீர்ப்பு எழுதுவார். மறுபடியும் கூண்டில் ஏற வேண்டியிருக்காது, அதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை மகன்:
காசிமேடு அண்ணே, ஜூனியரைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு வியாழக்கிழமை மறுபடியும் தேதி. இந்த முறை தங்கையும் வருகிறாள். அப்பா எழுந்து போனால் அவள் கூடப் போவாள், நான் ஹாலை விட்டு நகரப்போவதில்லை. பாஸ் ஓவர் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.