2-வது சிலிண்டர் மட்டும் சூடானதும் மிஸ்ஸிங்: பிளக், ஒயர் மாத்தியும் போகலை

நாலுசிலிண்டர்
ஷெட்டில் வச்சு மீட்டெடுத்துக்கிட்டிருக்கிற பழைய 1.6 லிட்டர் பெட்ரோல் கார். 8 வால்வு, ஸ்க்ரூ டேப்பட் (வால்வு தண்டுக்கு மேல இருக்கிற கேப்பை ஸ்க்ரூவால் வைக்கிறது), எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்), பிளக்குக்குப் பொறி கொடுக்க ரெண்டு காயில். குளிர்ந்த இன்ஜினில் ஐடிலிங் சுத்தமா இருக்கு. பத்து நிமிஷம் ஓடி சூடானதும் குலுங்குது, சைலன்சரில் விட்டு விட்டு 'புஸ்'ஸுன்னு சத்தம். 2000 ஆர்பிஎம் தாண்டினா எதுவும் தெரியலை. ஸ்கேனரில் பி0302 கோட் (2-வது சிலிண்டர் சரியா எரியாம மிஸ் ஆகுது) மட்டும். நாலு பிளக்கும் புதுசு, கேப் 1.1 மி.மீ. பிளக் ஒயரும் புதுசு. அடுத்து காயில் வாங்கவா, இன்ஜெக்டரைக் க்ளீன் பண்ணக் கொடுக்கவா?

ஸ்பேனர்14
இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. ரெண்டு காயில்னா 1-4க்கு ஒண்ணு, 2-3க்கு ஒண்ணு. காயிலோட ப்ரைமரி (பேட்டரி கரண்ட் போற சுருள்) போயிருந்தா 3-வதும் சேர்ந்து மிஸ் ஆகி, 3-வதுக்கான பி0303 வந்திருக்கும்.

காசில்லாத சோதனை, இடம் மாத்திப் பார்க்கிறதுதான். 2-வது பிளக்கை 4-வதோட மாத்துங்க. 2-வது இன்ஜெக்டரை 3-வதோட மாத்துங்க. ரெண்டையும் வேற வேற சிலிண்டருக்கு அனுப்பினா ஒரே ஓட்டத்தில் பதில் கிடைக்கும். ஸ்கேனரில் எரர் கோட்-ஐ அழிச்சுட்டு சூடாகும் வரை ஓட்டுங்க. பி0304 வந்தா பிளக், பி0303 வந்தா இன்ஜெக்டர், பி0302-லயே நின்னா ரெண்டும் இல்லை. இன்ஜெக்டரைத் தொடும் முன்னாடி ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு, இன்ஜின் தானா நிக்கிற வரை ஓட விட்டு பிரஷரை இறக்கணும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். ஓ-ரிங் புதுசா போட்டு, லேசா ஆயில் தடவி உட்காத்துங்க. காய்ஞ்சபடி தள்ளினா ஓ-ரிங் கிழியும், பெட்ரோல் கசியும்.

பிளக் கையில் வந்ததும் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழிச்ச மாதிரி கறுப்புக் கோடு இருக்கான்னு பாருங்க. பூட்-டுக்குள்ளே (ஒயர் முனையில் பிளக்கை மூடுற ரப்பர் உறை) கரண்ட் வழிஞ்ச தடம் அது. இருந்தா பிளக், பூட் ரெண்டையும் ஒண்ணா மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா பழையது புதுசைக் கெடுத்துடும்.

ஓடும்போது பிளக் ஒயரை உருவிப் பார்க்காதீங்க. ஷாக் அடிக்கும், காயில் போகும், எரியாத பெட்ரோல் சைலன்சர் லைனில் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூட்டில் உருக்கிடும். எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பார்க்கணும்னா இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டுங்க. கழட்டியும் ஐடிலிங் இறங்கலைன்னா அதுதான்.

பழையஇரும்பு
இடம் மாத்துறதைச் செய்யுங்க, ஆனா அறிகுறி வேற பக்கம் கை காட்டுது. இக்னிஷன் (பொறி) கோளாறு பெரும்பாலும் இன்ஜின் பாரம் இழுக்கிற லோடில்தான் வெளிப்படும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட பொறி தாவ அதிக வோல்டேஜ் வேணும். உங்களுக்கு நேர்மாறா ஐடிலிங்கில் மிஸ் ஆகி ரேஸ் கொடுத்தா மறையுது. ஒண்ணு மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காத்து இழுக்கணும், இல்லைன்னா வால்வு மூடாம கம்ப்ரஷன் கசியணும். மெதுவா சுத்தும்போது கசிய நேரம் அதிகம். வேகமா சுத்தினா கசியறதுக்குள்ளே எரிஞ்சு முடிஞ்சிடும். சூடானா மட்டும் வருதுன்னா எனக்குப் புகையை வெளியே விடுற எக்ஸாஸ்ட் வால்வு மேலதான் சந்தேகம்.

கம்ப்ரஷனை (பிஸ்டன் சிலிண்டருக்குள் உண்டாக்குற அழுத்தம்) கேஜ் வச்சு, குளிர்ந்தும் சூடாவும் ரெண்டு தடவை எடுங்க. பம்ப் ஃப்யூஸையும் காயில் கனெக்டர்களையும் எடுத்துட்டு, நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஆறு சுத்து. த்ராட்டில் மூடியிருந்தா நல்ல இன்ஜினும் குறைவாத்தான் காட்டும். குறைஞ்ச சிலிண்டரில் 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி எடுங்க. நல்லா ஏறினா பிஸ்டன் ரிங், ஏறலைன்னா வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

நாலுசிலிண்டர்
இடம் மாத்தியும் பி0302-தான். பீங்கானில் கோடு இல்லை. கம்ப்ரஷன் (பிஎஸ்ஐ), சூட்டில்: 175, 110, 170, 175. குளிர்ந்த நிலையில் 2-வது 150. சூட்டில் ஆயில் விட்டு 115. ஆனா டேப்பட் சத்தமே இல்லையே?

பழையஇரும்பு
சத்தமில்லாததுதான் இங்கே ஆபத்து. தட்டுறது லூஸான டேப்பட். இறுகின டேப்பட் அமைதியா இருந்து வால்வைக் கருக்கும். வால்வு வந்து உட்காருற சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் இறங்கும், தண்டு மேலே ஏறும், டேப்பட் கேப் சுருங்கும். சூட்டில் தண்டு இன்னும் நீளும்போது கேப் தீர்ந்து, வால்வு சீட்டில் முழுசா உட்காராது. 5 பிஎஸ்ஐ மட்டும் ஏறினதால் ரிங்கை விட்டுடலாம். ஹெட் கேஸ்கெட் பக்கத்துச் சிலிண்டருக்குப் போயிருந்தா ரெண்டும் சேர்ந்து குறைஞ்சிருக்கும்.

இரவு முழுக்க ஆறின இன்ஜினில், 2-வதை கம்ப்ரஷன் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில், ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலை) கொண்டுவந்து, டேப்பட் கேப்பில் ஃபீலர் கேஜ் (கேப் அளக்கிற மெல்லிய பிளேடு) விடுங்க.

நாலுசிலிண்டர்
2-வது எக்ஸாஸ்டில் 0.08 மி.மீ. பிளேடே இறுக்கமாத்தான் போகுது. மேனுவலில் 0.25. மத்த மூணு எக்ஸாஸ்டும் 0.20-க்கு மேல.

பழையஇரும்பு
பிடிச்சாச்சு. எட்டையும் மேனுவல் அளவுக்கு வைங்க. லாக் நட்டை இறுக்கினதும் ஸ்க்ரூ கூடவே கொஞ்சம் திரும்பும், அதனால மறுபடி அளங்க. அப்புறம் சூட்டில் கம்ப்ரஷன் எடுங்க. 2-வது மத்ததுக்குப் பக்கத்தில் வந்துட்டா வால்வு தப்பிச்சது. வராட்டி டிடிசியில் பிளக் ஓட்டை வழியா காத்தடிச்சு சைலன்சர் முனையில் காது வைங்க. சீறல் கேட்டா வால்வு எரிஞ்சிருக்கு, ஹெட்டை இறக்கி வால்வு மாத்தி சீட் வெட்டணும். காத்தடிக்கும்போது கிராங்க் சுத்திடும், கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துக்குங்க.

சரியாயிட்டாலும் 1000 கி.மீ.யில் அந்த ஒரு கேப்பை மறுபடி பாருங்க. திரும்பச் சுருங்கியிருந்தா சீட் இன்னும் தேய்ஞ்சுக்கிட்டிருக்கு.