லெதர் பினிஷ் கல்லுக்கு சீலரே வேண்டாமாம்!

உளிச்சத்தம்:
சமையல் மேடைக்குக் கல் தேடிய ஒருவருக்கு நேற்று செவ்வந்தி மேடம் கொடுத்த பதில் இது: "லெதர் பினிஷ் வாங்குங்க. பிரஷ் ஓட்டும்போதே துவாரமெல்லாம் அடைபட்டுடும். சீலரே வேண்டாம்." சீலர் என்பது கறை உள்ளே இறங்காமல் இருக்கக் கல்லில் அடிக்கிற திரவம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கல் அறுத்து மேடை பதிக்கிறவன் நான். லெதர் பினிஷ் எப்படி வருகிறது தெரியுமா? முதலில் ஸ்லாபை மட்டமாகத் தேய்த்துப் பளபளப்பில்லாத முகத்துக்குக் கொண்டுவருவோம். அப்புறம் வைரத்தூள் பதித்த பிரஷ்களை, முரடில் தொடங்கி நைஸ் வரை, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவோம். மெத்தென்ற தாது சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும், கெட்டியானது மேடாக நிற்கும். கை வைத்தால் தோல் மாதிரி இருப்பது அந்த மேடுபள்ளம்தான். இது தேய்க்கிற வேலை. அடைக்கிற வேலை எங்கே வந்தது? அடைப்பதற்கு அந்த பிரஷில் என்ன இருக்கிறது?

செவ்வந்தி:
கேட்டவர் ஒருவர், பதில் சொன்னவள் நான், கோபம் வந்தது உங்களுக்கு. என் வீட்டு மேடை கறுப்பு கிரானைட், லெதர் பினிஷ். ஆறு வருஷம் ஆகிறது, ஒரு சொட்டு சீலர் போட்டதில்லை. எண்ணெய் கொட்டியிருக்கிறது, ராத்திரி முழுக்க ஈரத்துணி கிடந்திருக்கிறது. ஒரு கறை இல்லை. அதற்கு முன்னால் இருந்த பாலிஷ் மேடையில் கைரேகையும் தண்ணீர்ப் புள்ளியும் துடைத்தே என் மணிக்கட்டு போயிற்று. அனுபவத்தைச் சொன்னேன். பதித்தவர் சொன்னதையும் சொன்னேன்: தேய்க்கத் தேய்க்கத் துவாரம் நசுங்கி மூடிக்கொள்ளும்.

உளிச்சத்தம்:
நசுங்கி மூடுமா? கல் என்ன களிமண்ணா?

அளவுகோல்:
இருவரும் எந்தக் கல்லைப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். விற்பனையில் கறுப்பு கிரானைட் என்று வருவதில் பெரும்பாலானவை புவியியல் கணக்கில் கிரானைட்டே இல்லை. கேப்ரோ, டோலரைட் வகை. நெருக்கமான கல், தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. வெளிர் நிறக் கிரானைட் பலவும் அப்படியில்லை. ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி615 தரவிதி கிரானைட்டுக்கு நீர் உறிஞ்சலை எடையில் 0.40 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. அந்த வரம்புக்குள்ளேயே கல்லுக்குக் கல் பல மடங்கு வித்தியாசம் உண்டு. அடுத்து, "வேண்டும்" என்றால் என்ன? கறை பிடிக்காமல் இருக்கவா, துடைக்கச் சுலபமாக இருக்கவா?

உளிச்சத்தம்:
சார், அதெல்லாம் அப்புறம். பிரஷ் துவாரத்தை அடைக்குமா, அடைக்காதா? அதற்குப் பதில் வரட்டும்.

செவ்வந்தி:
அளவுகோல் சாரே சொல்லிவிட்டார், என் கல் தண்ணீர் குடிக்காது. முடிந்தது.

உளிச்சத்தம்:
அவர் சொன்னது கல்லின் குணம். நீங்கள் எழுதியது பிரஷின் பெருமை. நாளைக்கே யாராவது உங்கள் பேச்சை நம்பி வெள்ளைக் கிரானைட்டில் லெதர் பினிஷ் போட்டு, சீலர் அடிக்காமல் விட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் இறங்கிக் கறுத்துப் போனால் நீங்களா வந்து தேய்ப்பீர்கள்? உள்ளே இறங்கின எண்ணெயைச் சோப்பு எடுக்காது. பொடியைக் குழைத்துப் பற்றுப் போட்டு, மூடிவைத்து, ஒரு நாளுக்கு மேல் காத்திருந்து உறிஞ்சி எடுக்கணும். ஒரே தடவையில் போகவும் போகாது. அந்த வேலையைச் செய்தவன் பேசுகிறேன்.

மழைக்காகம்:
குளியலறைக்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? வாஷ்பேசின் மேடைக்கு லெதர் பினிஷ் போட்டு நொந்து போயிருக்கிறேன். எங்களுடையது உப்புத் தண்ணீர். குழாயடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அந்தக் குழிக்குள் உட்கார்ந்துவிட்டது. பாலிஷ் கிரானைட்டாக இருந்தால் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டிவிடலாம். இதில் பிளேடு மேட்டில் மட்டும்தான் போகிறது. சீலரும் அடித்துத்தான் வைத்திருந்தேன், உப்பு மேலே படிவதை அது தடுக்கவில்லை.

உளிச்சத்தம்:
தடுக்காது தம்பி. சீலர் கல்லுக்குள் இறங்குகிற பொருள், மேலே போர்த்துகிற போர்வை இல்லை. குளியலறைக்கு இந்த பினிஷ் வேண்டாம் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! உப்பு போக ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மார்பிளாக இருந்தால் உப்போடு சேர்ந்து கல்லும் கரையும். குழாயடியில் பூக்கிற அந்த உப்பும் மார்பிளும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். எலுமிச்சைச் சாறு பட்டாலே மார்பிள் மங்கிப் போகும், அதற்கும் சீலர் காவல் இல்லை.

மழைக்காகம்:
எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தம்பி வேண்டாம்.

உப்புத்தாள்:
ஒரு பக்கம் சீலர் போடு என்கிறார், மறுபக்கம் உப்புக்கும் உதவாது, ஆசிட்டுக்கும் உதவாது என்கிறார். இந்தத் தலைவலியே இல்லாமல் செயற்கைக் குவார்ட்ஸ் போடலாமே? தொண்ணூறு சதவீதத்துக்குப் பக்கம் குவார்ட்ஸ் தூளும் துகளும், மீதி பிசின். துவாரமும் இல்லை, சீலரும் இல்லை. அதிலும் இப்போது லெதர் மாதிரி முகம் கிடைக்கிறது.

உளிச்சத்தம்:
வந்துவிட்டார். போன மாதம் சமையல் மேடைக்கு ஃபிளேம் பினிஷ் போடச் சொன்ன அதே ஆள். நெருப்பு காட்டும்போது 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று உப்பி, மேல்முகம் பொரிந்து தெறிப்பதால் வருகிற சொரசொரப்பு அது. வாசல்படியில் கால் வழுக்காமல் இருக்கப் போடுவது. மேடையில் போட்டால் துடைக்கிற துணியின் நூல் நூலாகச் சிக்கும். அதை நான் சொன்னபோது "பழைய ஆட்களுக்குப் புதுசு பிடிக்காது" என்று எழுதினீர்கள். மறக்கவில்லை.

உப்புத்தாள்:
அது வெளிமுற்றத்துச் சமையல் மேடை என்று அப்போதே தெளிவாக எழுதினேன். படிக்காமல் பாய்வது உங்கள் வழக்கம்.

உளிச்சத்தம்:
உள்ளேயோ வெளியேயோ, துணி துணிதான். செயற்கைக் குவார்ட்ஸைப் பற்றிப் பேச வந்தால் அதை அறுக்கிறவனின் நுரையீரலையும் சேர்த்துப் பேசுங்கள். அந்தத் தூளில் இருக்கிற சிலிக்காவால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து இளம் வயதிலேயே ஆட்கள் போகிறார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த ஸ்லாபைத் தடையே செய்துவிட்டது. சூடான பாத்திரத்தை நேராக வைத்தால் பிசின் கருகுவது தனிக் கதை.

உப்புத்தாள்:
கிரானைட்டில் சிலிக்கா இல்லையா? தண்ணீர் விடாமல் அறுத்தால் எந்தத் தூளும் ஆளைக் கொல்லும். உங்கள் பட்டறையில் எல்லோரும் மாஸ்க் போட்டுத்தான் அறுக்கிறார்களா?

உளிச்சத்தம்:
என் பட்டறையில் தண்ணீர் விடாமல் பிளேடு சுற்றாது. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

அளவுகோல்:
தலைப்புக்கு வருவோம். லெதர் முகத்தில் கடைசி பிரஷ் நைஸாக ஓடினால், மங்கலாகத் தேய்த்து நிறுத்திய முகத்தைவிட அது மேலாக வழவழப்பாகும், கல்லின் நிறமும் ஆழமாகத் தெரியும். எண்ணெய் இறங்குவது கொஞ்சம் தாமதப்படலாம். "அடைபடும்" என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியிருக்கும். கல்லின் உள்துவாரம் எந்த பிரஷாலும் மாறாது.

செவ்வந்தி:
பாருங்கள், தாமதப்படும் என்கிறார். நான் சொன்னதும் அதுதான்.

உளிச்சத்தம்:
மாறாது என்கிறார், அது கண்ணில் படவில்லையா? நீங்கள் எழுதியது "அடைபட்டுடும்". தாமதப்படும் என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

செவ்வந்தி:
சரி, இப்போது செய்துவிட்டே வருகிறேன். மேடையில் நாலு இடத்தில் தண்ணீர் சொட்டு வைத்தேன். இருபது நிமிஷம். துடைத்தேன். நிறம் மாறவில்லை, ஒரு நிழல்கூட இல்லை. இனி என்ன சொல்வீர்கள்?

உளிச்சத்தம்:
உங்கள் கல் நல்ல கல் என்று சொல்வேன். சிங்க் பதிக்க வெட்டியெடுத்த துண்டு இருக்கிறதா? அதன் அடிமுகத்தில் பிரஷ் படவே இல்லை. அங்கேயும் சொட்டு வையுங்கள். அங்கேயும் நிறம் மாறவில்லை என்றால் பிரஷ் என்னத்தை அடைத்தது?

செவ்வந்தி:
ஆறு வருஷத்துக்கு முந்தைய துண்டை யார் வைத்திருப்பார்கள்? அன்றைக்கே தூக்கிப் போட்டாயிற்று.

உளிச்சத்தம்:
அதானே பார்த்தேன்.

செவ்வந்தி:
என்ன அதானே பார்த்தேன்? பொய் சொல்கிறேன் என்கிறீர்களா? இந்த மாதிரி நெருக்கமான கறுப்புக் கல்லில் சீலரை ஊற்றினால் உள்ளே போகாமல் மேலேயே காய்ந்து திட்டுத் திட்டாகப் புகை படிந்த மாதிரி நிற்கும். என் தங்கை வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. அடித்தவர் உங்களைப் போலவே அனுபவசாலி.

உளிச்சத்தம்:
பத்து நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுக்காத ஆள் அனுபவசாலியே இல்லை. அவர் செய்த தப்பை என் தலையில் கட்டாதீர்கள். உங்கள் கறுப்புக் கல்லுக்கு சீலர் போடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? மேலே போய் ஒரு வரி காட்டுங்கள்.

மழைக்காகம்:
என் வாஷ்பேசின் உப்புக்கு யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

உப்புத்தாள்:
மேலே போய்ப் படிக்கச் சொல்கிறவர், என் வெளிமுற்றத்தை மட்டும் போன மாதம் படிக்கவே இல்லை.

உளிச்சத்தம்:
முற்றத்தை விடுங்கள். மேடம், நேற்று எழுதிய அந்த "அடைபட்டுடும்" இன்னும் அப்படியே நிற்கிறது. கல் வாங்கப் போகிறவர் அதைத்தான் படிப்பார். அதை எடுக்கிறீர்களா, இல்லையா?

செவ்வந்தி:
எடுக்க மாட்டேன்.