கூடலூர் 2021: 1,945 நூலிழையா, வடக்கயிறா?

தேவாலா இலை
பச்சைத் தேயிலை விலை பத்தி ஓடிட்டிருந்த இழையில நம்ம பந்தலூர்ச் சூரியன் சம்பந்தமில்லாம வந்து எழுதிட்டுப் போயிருக்காரு: "கூடலூர்ல 2021-ல நாங்க தோக்கல. நாம் தமிழர் ஓட்டைப் பிரிச்சதால நூலிழையில நழுவிடுச்சு." தேயிலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா பதில் இல்ல. சரி, தனி இழையே போட்டாச்சு.

2021 சட்டமன்றத் தேர்தல்ல அதிமுக பொன். ஜெயசீலன் 64,496. திமுக காசிலிங்கம் 62,551. வித்தியாசம் 1,945. நூலிழைன்னா தி.நகர், 137. இல்லன்னா மொடக்குறிச்சி, 281. அதெல்லாம் நூலு. 1,945 தேர் இழுக்கற வடக்கயிறு.

பந்தலூர்ச் சூரியன்
கணக்கு வாத்தியார் வந்துட்டாரு. 1,945-ஐ ரெண்டால வகுத்துப் பாருங்கண்ணா. 973 பேர் இலைக்குப் போட்டதை மாத்திச் சூரியனுக்குக் குத்தியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம். கொரோனாவால அந்தத் தேர்தல்ல ஆயிரம் வாக்காளருக்கு ஒரு பூத்துன்னு பிரிச்சிருந்தாங்க. அப்ப உங்க வடக்கயிறு மொத்தமே ஒரு பூத்து. நாம் தமிழர் வாங்கினது 7,317. அது யார் ஓட்டுன்னு எருமாட்டுல போய்க் கேளுங்க.

தேவாலா இலை
அறிவிப்புல இருந்தது 1,945. 973-னு எந்தத் தாள்லயும் இல்ல.

பதினேழு சி
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. 7,317-ஐ எடுத்துக்கிட்டா மட்டும் வேலை முடிஞ்சிடாது. நாம் தமிழர் வேட்பாளரே நிக்கலன்னு வச்சுக்குவோம். அந்த 7,317 பேரும் வீட்ல உக்காராம வந்து ரெண்டு கட்சியில ஒண்ணுக்குப் போட்டாங்கன்னும் வச்சுக்குவோம். 1,945-ஐத் தாண்ட சூரியனுக்கு 4,632 வரணும், இலைக்கு 2,685 போகணும். அதாவது நூத்துக்கு 63. மூணுல ஒரு பங்கு பேர் வராமப் போனா, மிச்சம் 4,878-ல 3,412 வேணும். நூத்துக்கு 70. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டும் வேணாம்னு மூணாவதுக்குப் போட்டவன் நூத்துக்கு எழுபது பேர் உங்களுக்கே போடுவான்னு எப்படிச் சொல்றீங்க?

இன்னொண்ணு. 2016-ல இதே கூடலூர்ல திமுக திராவிடமணி 62,128 வாங்கி 13,379-ல ஜெயிச்சாரு. 2021-ல சூரியன் வாங்கினது 62,551. உங்க ஓட்டு 423 கூடித்தான் இருக்கு! எதிர்ல நின்ன இலை 48,749-லேர்ந்து 64,496-க்கு ஏறியிருக்கு. 15,747 ஏத்தம். அது எங்கிருந்து வந்ததுன்னு தேடாம 7,317-ஐயே தடவிக்கிட்டு இருந்தா எப்படி?

பந்தலூர்ச் சூரியன்
423 கூடியிருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப நாங்க தோக்கல, அவன் ஜெயிச்சான். நான் சொன்னதும் அதேதான்.

பதினேழு சி
அடடா. 2016-ல இடதுசாரிங்க, விசிக, மதிமுக எல்லாம் மக்கள் நலக் கூட்டணின்னு தனியா நின்னாங்க. 2021-ல அத்தனை பேரும் உங்க வண்டியில. வண்டியில அவ்வளவு பேர் ஏறியும் 423-தான் கூடுச்சுன்னா, கீழ இறங்கினவங்க எத்தனை பேருன்னு யோசிங்க. அந்தப் பக்கம் 2016-ல தனியா நின்ன பாஜகவும் பாமகவும் இலையோட சேந்துச்சு. அங்க ஓட்டு ஒழுங்கா இடம் மாறுச்சு, இங்க மாறல. நூலிழை எங்க வந்துச்சு இதுல?

தேவாலா இலை
தலைவரே, பளிச்சுனு சொன்னீங்க. 1,945.

பதினேழு சி
உங்களுக்காகச் சொல்லல. நீங்களும் ரொம்ப ஆடாதீங்க. 15,747 ஏறியும் வெறும் 1,945-லதான் கரை சேந்தீங்க. பத்து வருஷம் ஆட்சியில இருந்த கட்சி.

ஊட்டி கைராசி
கூடலூர் கூடலூர்னு ஏன் அடிச்சுக்கறீங்க? மாவட்டத்துல மூணு தொகுதி. உதகையில காங்கிரஸ் கணேஷ் 2016-ல 10,418, 2021-ல 5,348 வித்தியாசத்துல தொடர்ந்து ரெண்டு தடவை ஜெயிச்சாரு. கூட்டணியில கைக்கு விட்ட சீட்டு ஜெயிக்குது, சூரியன் நின்ன கூடலூர் போகுது. கூடலூரையும் கைக்கே குடுத்திருந்தா?

பந்தலூர்ச் சூரியன்
குன்னூர்ல நின்னதும் சூரியன்தான், 4,105-ல ஜெயிச்சோம். அதை மறைச்சுட்டீங்களே. உங்களோட 10,418 பாதியாச்சு, அதுக்கு யார் ஓட்டைப் பிரிச்சாங்கன்னு சொல்லுங்க பாப்போம். கை நின்னாலும் சுவர்ல வெள்ளையடிச்சது எங்க பசங்க.

ஊட்டி கைராசி
வெள்ளையடிச்ச கூலி பாக்கின்னா சொல்லுங்க, தந்துடலாம். 1,945-க்கு வாங்க.

எருமாடு மிளகு
நாம் தமிழர் காரணம் இல்லைங்க. உண்மையான காரணம் ஏப்ரல் 6. கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நாள்ல ஓட்டு. பாட்டவயல், தாளூர், எருமாடு பக்கம் சுல்தான் பத்தேரியில வேலை பாக்கறவங்க, அங்க பேர் வச்சிருக்கறவங்க வரல. அதுலயே 1,945 போச்சு.

பதினேழு சி
2011-ல ஏப்ரல் 13, ரெண்டு மாநிலமும் ஒரே நாள். அப்ப கூடலூர்ல சூரியன் ஜெயிச்சுது. 2016-ல மே 16, அதுவும் ஒரே நாள். 13,379-ல ஜெயிச்சுது. அந்த ரெண்டு தடவையும் வராத நோவு 2021-ல மட்டும் வந்துச்சா?

அப்புறம் "அங்க பேர் வச்சிருக்கறவங்க"ன்னு சாதாரணமா எழுதறீங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 17: ஒருத்தர் பேர் ஒரு தொகுதிக்கு மேல இருக்கவே கூடாது. பொய் உறுதிமொழி குடுத்துச் சேத்தா பிரிவு 31, ஒரு வருஷம் வரை சிறை. வராதவங்க ஓட்டு போச்சுன்னு அழறதுக்கு முன்னாடி அது ஓட்டான்னு பாருங்க.

ஓவேலி ஓடை
பிரிவு 17-ஆ? பிரிவு 17 நிலத்துல இருக்கறவனுக்குக் கரண்ட் கனெக்ஷன் குடுக்கச் சொல்லுங்க முதல்ல. ஜன்மிகளோட நில உரிமையை ஒழிக்க 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்து எத்தனை வருஷம், எத்தனை எம்எல்ஏ? அந்தச் சட்டத்தோட பிரிவு 17-ல மாட்டின நிலத்துக்குப் பட்டா இல்ல, கரண்ட் இல்ல. 1,945-க்குக் காரணம் அதுதான். மத்ததெல்லாம் டீக்கடைப் பேச்சு.

பதினேழு சி
நான் சொன்னது வேற பிரிவு 17-ங்க.

ஓவேலி ஓடை
எங்களுக்கு ஒரே பிரிவு 17-தான்.

கொடை மேகம்
உங்க ஊர்ல எல்லாமே பதினேழா? எழுதறவர் பேர்லயும் பதினேழு! கொடைக்கானலுக்குத் தனித் தொகுதியே கிடையாது, பழனியோட சேத்துக் கட்டி விட்டாச்சு. 2021-ல அங்க 30 ஆயிரம் வித்தியாசம், மலை மேல விழுந்த ஓட்டு எந்தப் பக்கம்னு எவனும் திரும்பிக்கூடப் பாக்கல. மூணு சீட்டை வச்சுக்கிட்டு 1,945-க்குச் சண்டை போடற கொழுப்பு நீலகிரிக்குத்தான் வரும்.

ஊட்டி கைராசி
பேரிக்காய் விலை இழை அந்தப் பக்கம்.

பந்தலூர்ச் சூரியன்
நான் கேக்கறது ஒண்ணுதான். 973 பேரு. மறு எண்ணிக்கை கேட்டிருந்தா வந்திருக்கும். நம்ம ஆளுங்க எண்ணும் மையத்துல தூங்கிட்டாங்க.

பதினேழு சி
இதுக்குத்தான் காத்திருந்தேன்.

மெஷின்ல பதிவானதைத் திரும்ப எண்ணினா அதே எண்தான் வரும். ரிசல்ட் பொத்தானை நூறு தடவை அமுக்கினாலும் அதே. தப்பு நடந்தா அதுக்கு முன்னாடியே நடந்திருக்கணும். மாதிரி வாக்குப்பதிவுல குறைஞ்சது 50 ஓட்டுப் போட்டுக் காட்டுவாங்க. அதை அழிக்காம அப்படியே நிஜ ஓட்டை ஆரம்பிச்சிருந்தா மொத்தம் இடிக்கும். அதைப் பிடிக்கத்தான் 17சி, பூத்துல மொத்தம் எத்தனை ஓட்டு பதிவாச்சுன்னு எழுதற படிவம். ஓட்டு முடிஞ்சதும் தலைமை அலுவலர் அதோட நகலை அங்க இருக்கற ஏஜென்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். 14 மேசை போட்டிருந்தா ஒரு சுற்றுக்கு 14 பூத்து. ஒவ்வொரு மேசையிலயும் நம்ம எண்ணும் ஏஜென்ட் கையில அந்த நகல் இருக்கணும். கன்ட்ரோல் யூனிட் எண், சீல் எண், மொத்த ஓட்டு மூணையும் ஒப்பிட்டுச் சரின்னா மட்டும்தான் ரிசல்ட் பொத்தான். இடிச்சா அந்த யூனிட்டைத் தனியா எடுத்து வைப்பாங்க. கடைசியில வித்தியாசம் அந்த யூனிட்ல இருக்கற ஓட்டை விடக் குறைவா வந்தா விவிபேட் சீட்டை, அதாவது ஓட்டுப் போடறப்ப அச்சாகி விழற காகிதச் சீட்டை, எண்ணுவாங்க.

மலையில எங்க கோட்டை விடறாங்கன்னா, சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஏஜென்ட் நாலு மணிக்கே எழுந்து போயிடறாரு. நகல் வாங்க ஆள் இல்ல. எண்ற அன்னிக்கு மேசையில வெறுங்கையோட உக்காந்து, அவங்க படிக்கறதை எழுதிக்கிட்டு வர்றாரு. இது சேரம்பாடியில மட்டும் இல்ல, எல்லாக் கட்சிக்கும் இதே கதைதான்.

மாறக்கூடியது தபால் ஓட்டு. அதோட வாக்காளர் வைக்கற 13ஏ படிவ உறுதிமொழியில கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லன்னா உள் உறையைப் பிரிக்காமலே தள்ளிடுவாங்க. ராதாபுரம் 2016 ஞாபகம் இருக்கா? வித்தியாசம் 49. தலைமை ஆசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா செல்லாதாங்கறதுல 203 தபால் ஓட்டு மாட்டி, உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 49-க்கு அது அர்த்தமுள்ள சண்டை. தள்ளுபடியான தபால் ஓட்டு மொத்தம் வித்தியாசத்தை விட அதிகமா இருந்தா, தேர்தல் அலுவலர் அதைத் திரும்பப் பாத்தே ஆகணும். கூடலூர்ல அதுக்கு 1,945-க்கு மேல தள்ளுபடி ஆகியிருக்கணும்.

கேக்கற நேரமும் முக்கியம். மொத்தத்தைப் படிச்சு முடிச்சதும், முடிவுத் தாளான படிவம் 20-ல கையெழுத்து விழறதுக்கு முன்னாடி, காரணத்தோட எழுத்துல தரணும். கையெழுத்து விழுந்தாச்சுன்னா 45 நாளுக்குள்ள உயர் நீதிமன்றத்துல தேர்தல் மனுதான். "தூங்கிட்டாங்க"ன்னு இணையத்துல எழுதறது மனு ஆகாது.

பந்தலூர்ச் சூரியன்
இவ்வளவு நீளமா எழுதி 973-க்குப் பதில் சொல்லல.

பதினேழு சி
முகவரி மாத்தாத பேரை எண்ணிப் பாருங்க, உங்க 973 அங்க கிடைக்கும். டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லயன் வீடுகள்ல கதவு எண் ஒழுங்கா கிடையாது. ஓய்வு பெற்றவங்க வீட்டைக் காலி பண்ணிட்டு வேற டிவிஷனுக்கோ நெல்லியாளம் பக்கமோ போயிடறாங்க. பேர் பழைய பூத்துல கிடக்கும். பூத் சீட்டு பழைய லயனுக்குப் போகும். அதை மாத்த 8ஏ குடுத்திருக்கணும்.

தேவாலா இலை
8ஏ-வா? அப்படி ஒரு படிவமே இல்லையே! இப்ப 8-தான். பெரிய நிபுணர்.

பதினேழு சி
2022 ஆகஸ்ட்லதான் 8ஏ-வை எடுத்துட்டு எல்லாத்தையும் 8-ல போட்டாங்க. நாம பேசறது 2021. அப்ப தொகுதிக்குள்ள இடம் மாறினா 8ஏ, வெளித் தொகுதின்னா புதுசா 6.

தேவாலா இலை
இல்லாத படிவத்தை வச்சு வாதம். சரி சரி.

பதினேழு சி
அப்ப இருந்துச்சுங்க.

எருமாடு மிளகு
தேவாலா அண்ணா 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல நீலகிரியில திமுக ராசா தோப்பாருன்னு எழுதினவரு. படிவம் பத்தி அவர் சொல்றதையா கேக்கறது? ராசா ஜெயிச்சது 2,40,585-ல. அது என்ன கயிறுன்னு சொல்லுங்க.

தேவாலா இலை
அது பாஜகவும் நாங்களும் பிரிஞ்சு நின்னதால. ஓட்டு பிரிஞ்சுது.

பந்தலூர்ச் சூரியன்
ஆகா! நீங்க தோத்தா "ஓட்டு பிரிஞ்சுது", நாங்க தோத்தா "வடக்கயிறு". ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

பதினேழு சி
பிரிஞ்சும் ஒண்ணும் ஆகல. பாஜக முருகன் 2,32,627, அதிமுக லோகேஷ் 2,20,230. கூட்டினா 4,52,857. ராசா 4,73,212. சேந்து நின்னு ஒரு ஓட்டுக்கூடச் சிந்தாம வந்திருந்தாலும் 20,355 பத்தாது. ரெண்டு பக்கமும் இந்தப் பிரிஞ்சுது பாட்டை விடுங்க.

தேவாலா இலை
நாடாளுமன்றம் வேற, சட்டமன்றம் வேற. அதுல மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் எல்லாம் சேந்தது. அந்த மூணும் 2021-ல எங்க கையில. மலையை மட்டும் பேசுங்க.

ஊட்டி கைராசி
மலையை மட்டும் பேசினா 2021-ல மூணுல ரெண்டு எங்க கூட்டணி. குன்னூர் 2016-ல இலை 3,710, 2021-ல சூரியன் 4,105. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடற தொகுதி அதுதான். கோத்தகிரி ஆளுங்க ஒருத்தரும் இங்க வாயைத் திறக்கல, கவனிச்சீங்களா?

கோத்தகிரி மூடுபனி
திறக்காம இருந்தோம், அதுவும் குத்தமா? படுகர் பழங்குடிப் பட்டியல் கோரிக்கைக்கும் தேயிலை விலைக்கும் மூணு கட்சியும் என்ன செஞ்சீங்கன்னு யாராவது எழுதினா திறக்கறேன்.

பதினேழு சி
அது நல்ல கேள்வி, ஆனா வேற இழை. இங்க 15,747.

பந்தலூர்ச் சூரியன்
973.

தேவாலா இலை
1,945. ஜெயிச்சவர் அவைக்குப் போனாரு. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவரு இங்க உக்காந்திருக்காரு.

ஓவேலி ஓடை
அவைக்குப் போனவரு கரண்ட் கொண்டு வந்தாரா?

தேவாலா இலை
ஆட்சி யார் கையில இருந்துச்சு? அதைப் பந்தலூர்க்காரர் கிட்டக் கேளுங்க.

பந்தலூர்ச் சூரியன்
என்கிட்ட ஏன்? நாங்கதான் நூலிழையில தோத்துட்டோமே.

பதினேழு சி
இப்பத் தோத்தோம்னு சொல்றீங்க. முதல் பதிவுல "தோக்கல"ன்னு இருக்கு. மேல போய்ப் படிச்சுட்டு வாங்க.

பந்தலூர்ச் சூரியன்
நூலிழையிலன்னும் சேத்துத்தான் எழுதியிருக்கேன். அதையும் படிங்க.

தேவாலா இலை
தலைவரே, அந்த 8ஏ விஷயம் மட்டும். எங்க ஊர் பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கிட்டக் கேட்டேன். அப்படி ஒரு படிவமே பாத்ததில்லையாம்.

பதினேழு சி
அவர் எந்த வருஷம் பிஎல்ஓ ஆனாருன்னு கேட்டீங்களா?