மார்ட்டி ஃப்ரீட்மேன் கச்சேரி: பெங்களூர் போய்வந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கிட்டார் கலைஞர் மார்ட்டி ஃப்ரீட்மேன் பெங்களூரில் வாசிப்பதைப் பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டேன். 1990இல் மெகாடெத் என்ற மெட்டல் இசைக்குழுவின் 'ரஸ்ட் இன் பீஸ்' ஆல்பத்தில் வாசித்தாரே, அவரேதான். வலது மணிக்கட்டை உள்பக்கமாக வளைத்து வைத்துக்கொண்டு பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) போடுவார். வேறு யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. கம்பியை இழுத்து மெல்ல சுருதிக்கு ஏற்றும்போது நம்ம கமகம் மாதிரியே இருக்கும். அந்தக் கையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை.

மேடைக்கு எந்தப் பக்கம் நின்றால் நன்றாகத் தெரியும்? எத்தனை மணிக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும்? தம்பியும் வருகிறான், பதினைந்து வயது. பெரியவர் கூட இருந்தால் உள்ளே விடுவார்களா? அவன் காதுக்கு என்ன வாங்கி வைப்பது?

அப்புறம், கச்சேரி முடிந்து அன்றிரவே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாகத் திரும்ப பஸ் எங்கே ஏறுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.